தைத்தது இதயத்தையா, உறையையா?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரத்துக்கு வேற ஒரு தலைப்பு தயாரா இருந்தது. அதைத் தள்ளி வெச்சுட்டு, ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன்.

விவேகானந்தரின் சிகாகோ பயணம் பற்றிப் பேசின எபிசோட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1893 உலகக் கண்காட்சி, அந்த ஊரின் வேகம், கூட்டம் எல்லாத்தையும் சொல்லிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதே கோடையில், அதே ஊரில், டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் உலகின் முதல் ஓப்பன் ஹார்ட் சர்ஜரியைச் செய்தார் என்று. கேட்க நல்லாத்தான் இருந்தது. எடிட் பண்ணும்போதுகூட எனக்குச் சந்தேகம் வரலை. ஏன்னா நான் பார்த்த நாலஞ்சு இடத்தில் அப்படித்தான் இருந்தது.

பத்து நாள் கழிச்சு ஒரு மெயில் வந்தது. இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் அக்கா எழுதியிருந்தாங்க. மொத்தமே நாலு வரி. "தம்பி, அவர் இதயத்தைத் தைக்கலை. இதயத்தோட உறையைத் தைச்சார். அதையும் அவருக்கு முன்னாடி இன்னொருத்தர் செஞ்சிருக்கார். உறைன்னா சும்மா கவர்னு நினைச்சுட்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வெச்சது. உண்மையில் நான் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

பெரிகார்டியம் என்ற பெயரை நாம எல்லாரும் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் படிச்சிருக்கோம். இரண்டடுக்கு உறை, நடுவில் திரவம், உராய்வைக் குறைக்கும். இரண்டு மதிப்பெண் கேள்வி, எழுதிட்டு மறந்தாச்சு. இப்போ கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

வெளிப்பக்கம் ஒரு தடித்த நார்ப்பை. கீழே உதரவிதானத்தோட ஒட்டியிருக்கும், முன்னால் மார்பெலும்போடு நார்களால் கட்டப்பட்டிருக்கும். இதயம் நெஞ்சுக்குள் அங்கே இங்கே அலையாமல் இருக்க இந்தக் கட்டு உதவுது. அதுக்குள்ளே மெல்லிய வழவழப்பான சவ்வு ஒன்று. அது நார்ப்பையின் உட்சுவரில் ஒட்டி, அப்படியே மடிந்து திரும்பி இதயத்தின் மேலேயும் ஒட்டிக்கொள்கிறது. பாதிக் காத்து இருக்கிற பலூனுக்குள் கை முஷ்டியை அழுத்தினால் பலூன் முஷ்டியைச் சுற்றி இரண்டு அடுக்காக வரும் இல்லையா, அந்த அமைப்பு. அந்த இரண்டு அடுக்குக்கு நடுவில்தான் திரவம். எவ்வளவு? வழக்கமாக 15 முதல் 50 மில்லி. அதிகபட்சம் டீக்கடைச் சின்ன கிளாஸில் பாதி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிற உறுப்புக்கு அவ்வளவு எண்ணெய் போதும்.

இந்தக் கதை முழுக்க முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அந்த வெளிப்பை சட்டென்று விரியாது. மெதுவாக விரியும். புதுத் தோல் செருப்பு முதல் நாள் காலைக் கடிக்கும், ஆறு மாசத்தில் தானாகவே காலுக்கேற்ப இளகிவிடும், அந்த மாதிரி. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கு மேல்கூட இந்தப் பை இடம் கொடுக்கும், ஆள் நடமாடிக்கிட்டுகூட இருப்பார். ஆனால் 200 மில்லி ரத்தம் சில நிமிஷத்தில் உள்ளே பாய்ந்தால் உயிர் போய்விடலாம். ஒரு காபி டம்ளர் அளவு. ஆக, எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சேர்ந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தப் பையை மனிதன் எப்போதிலிருந்து கவனிக்கிறான்? ரொம்ப காலமாக. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் இதயத்தைப் பற்றிய சின்ன நூல் ஒன்று இருக்கு. அவரே எழுதினது இல்லை, பிற்காலத்தில் யாரோ எழுதினது. அதில் வழவழப்பான உறை, உள்ளே சிறுநீர் மாதிரி கொஞ்சம் திரவம் என்று சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திரவம் எங்கிருந்து வருது? நாம குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் மூச்சுக்குழாய் வழியாக இறங்கி அங்கே போகுதுன்னு விளக்கம். அதை நிரூபிக்க ஒரு சோதனையும் உண்டு. தாகத்தில் தவிக்கிற பன்றிக்குச் சாயம் கலந்த தண்ணீர் வெச்சு, அது குடிச்சுக்கிட்டிருக்கும்போதே கழுத்தை அறுத்துப் பார். உள்ளே சாயம் தெரியும். முடிவு தப்புதான். ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் "நம்பலைன்னா நீயே செஞ்சு பார்"னு எழுதி வெச்சிருக்காரே, அது எனக்குப் பிடிச்சிருந்தது. பன்றிக்குப் பிடிச்சிருக்காது.

அதுக்கு அப்புறம் ரோமாபுரியில் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. நாடகம் எழுதுகிற ஒருவரின் அடிமைச் சிறுவன், மல்யுத்தக் களத்தில் நெஞ்சில் அடிபட்டு, மார்பெலும்பு சீழ் பிடித்துப்போச்சு. மற்ற மருத்துவர்கள் கை வைக்கப் பயந்தார்கள். கேலன் அழுகிய எலும்பை வெட்டி எடுத்தார். எடுத்ததும் தெரிந்தது, கீழே இருந்த இதய உறையும் அழுகியிருக்கு. உறை போன இடத்தில் இதயம் துடிப்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். உறை கொஞ்சம் போனாலும் மனிதன் வாழலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இன்றைக்கும் உறை தடித்து இறுகிப்போய் இதயத்தை நெரிக்கும் நோயில், அந்த உறையையே உரித்து எடுக்கிறார்கள். ஆள் உறை இல்லாமல் வாழ்கிறார்.

சரி, உறை இல்லாமலும் வாழலாம் என்றால், உறையால் சாகவும் முடியுமா? இதற்கான பதில் ஓர் அரண்மனைக் கழிப்பறையில் கிடைத்தது.

1760 அக்டோபர் 25. லண்டன், கென்சிங்டன் அரண்மனை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்கு வயது 76. காலையில் எழுந்தார். வழக்கம்போல் சாக்லேட் பானம் குடித்தார். கழிப்பறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தடாலென்று சத்தம். பணியாள் ஓடிப்போய்ப் பார்த்தால் மன்னர் தரையில் கிடக்கிறார். கட்டிலுக்குத் தூக்கி வந்தும் பயனில்லை.

மன்னரின் உடலைத் திறந்து பார்த்தவர் அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ். அவர் எழுதிய அறிக்கையை ராயல் சொசைட்டி வெளியிட்டது. இதய உறை விம்மிப் புடைத்திருந்தது. உள்ளே உறைந்த ரத்தம், ஒரு பைன்ட் கோப்பையை ஏறக்குறைய நிரப்பும் அளவு, அதாவது அரை லிட்டருக்குக் கிட்டத்தட்ட. பெருந்தமனியில் ஒரு கிழிசல். இதோடு நிறுத்தியிருந்தால் அது சாதாரண அறிக்கை. நிக்கல்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். இதயத்தின் கீழறைகள் இரண்டும் காலி. துளி ரத்தம் இல்லை. ஏன்? வெளியே தேங்கிய ரத்தம் இதயத்தை அமுக்கிப் பிடித்ததால், சிரைகளில் இருந்த ரத்தம் உள்ளேயே வர முடியவில்லை என்று அவரே காரணமும் எழுதினார்.

இந்த இடத்தை நான் மூணு தடவை படிச்சேன். பம்ப் என்றால் தள்ளுவதுதான் வேலைன்னு நினைக்கிறோம். ஆனால் தள்ளுவதற்கு முன்னாடி அது நிரம்பணும். ஊரில் அடிபம்பு அடிச்சவங்களுக்குத் தெரியும், கீழே தண்ணி ஏறலைன்னா கைப்பிடியை எவ்வளவு அடிச்சாலும் வெறும் காத்துதான். மன்னரின் இதயத்துக்குச் சுருங்குவதில் தடை இல்லை. விரிய இடம் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அதைக் காக்க இருந்த பையே அந்த இடத்தை அடைத்துவிட்டது.

இதற்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் 124 வருஷம் ஆச்சு. 1884-இல் எட்மண்ட் ரோஸ் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை இதயத்தின் 'டாம்பொனாட்' என்று அழைத்தார். தக்கை வைத்து அடைப்பது என்ற பொருளில் வரும் சொல். இன்றும் மருத்துவமனைகளில் 'டாம்பொனாட்' என்றுதான் சொல்கிறார்கள்.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து சுலபம் போலத் தோணும். பையில் ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை வெளியே விடணும், அவ்வளவுதானே? செய்தவர்களும் இருந்தார்கள். 1801-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ ரொமேரோ நெஞ்சைத் திறந்து, உறையில் தேங்கியிருந்த நீரை வெளியேற்றினார். 1815-இல் பாரிஸ் மருத்துவர்கள் முன்னால் அதை வைத்தார். இது அளவு மீறிய துணிச்சல் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கினது ஒதுக்கினதுதான், வெகுகாலம் அவர் பெயரே வெளியே வரலை. 1840-இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூ என்பவர் குழல் ஊசி போன்ற கருவியைச் செலுத்தி நீரை எடுத்தார். ஆனாலும் அந்த நூற்றாண்டின் பெரும் அறுவை மருத்துவர் பில்ரோத், 1870களிலும், உறையைக் குத்தி நீர் எடுப்பதைக்கூட அறுவைக் கலைக்கே இழுக்கு என்கிற தோரணையில் எழுதினார். சாதாரண ஆள் இல்லை, வயிற்று அறுவை சிகிச்சையில் இன்றும் அவர் பெயரில் முறைகள் இருக்கு. அவரே அப்படிச் சொன்னால் மற்றவர்கள் எங்கே கத்தியைத் தொடுவார்கள்?

இந்தச் சூழலில்தான் சிகாகோ.

டேனியல் ஹேல் வில்லியம்ஸ் 1856-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பா இறந்துபோக, செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விட்டார்கள். பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் முடிதிருத்தும் தொழில். அங்கே ஹென்றி பால்மர் என்ற மருத்துவரிடம் உதவியாளாகச் சேர்ந்து, 1883-இல் சிகாகோ மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு அதே கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

அன்றைய சிகாகோவில் கறுப்பின மருத்துவருக்குப் பெரிய மருத்துவமனைகளில் இடம் கிடையாது. கறுப்பினப் பெண்களுக்கு நர்ஸ் படிப்பு கிடையாது. எம்மா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணை நிறத்தைக் காரணம் காட்டி நர்ஸிங் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவருடைய அண்ணன் பாதிரியார், அவர் வில்லியம்ஸிடம் வந்து முறையிட்டார். ஒரு பெண்ணுக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக வில்லியம்ஸ் ஒரு மருத்துவமனையையே தொடங்கினார். 1891, பிராவிடன்ட் மருத்துவமனை. மூன்று மாடி வீடு, 12 படுக்கை, கூடவே நர்ஸிங் பள்ளி. கறுப்பர், வெள்ளையர் இருவரும் மருத்துவராக இருக்கலாம், நோயாளியாகவும் வரலாம்.

1893 ஜூலை 9, இரவு. ஜேம்ஸ் கார்னிஷ் என்ற 24 வயது இளைஞர் ஒரு கைகலப்பில் நெஞ்சில் கத்திக்குத்து வாங்கி அங்கே வந்து சேர்ந்தார். மார்பெலும்புக்குக் கொஞ்சம் இடப்பக்கம் காயம். முதலில் பார்த்தபோது மேலோட்டமான காயம் போலத்தான் இருந்தது. நேரம் ஆக ஆக இருமல், நெஞ்சுவலி, நாடி தளர்ச்சி. மறுநாள் வில்லியம்ஸ் நெஞ்சைத் திறக்க முடிவு செய்தார்.

அவர் கையில் என்னென்ன இல்லை என்று பாருங்க. எக்ஸ்ரே இல்லை, அது 1895-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தம் ஏற்ற வழி இல்லை, ரத்த வகைகள் 1901-இல்தான் தெரிய வந்தன. சீழ் பிடித்தால் கொடுக்க மருந்து இல்லை. உள்ளே என்ன இருக்கு என்று தெரிய ஒரே வழி திறந்து பார்ப்பது. வழியில் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுது என்று மனதில் படம் இருக்கணும். உடற்கூறியல் கற்பித்தவர் என்று சொன்னேனே, அது இங்கேதான் கைகொடுத்தது. சுற்றி ஆறு மருத்துவர்கள் நின்று பார்த்தார்கள், கறுப்பரும் வெள்ளையரும்.

காயத்தைப் பெரிதாக்கி, விலா எலும்பின் குருத்தெலும்பை வெட்டி விலக்கினார். மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனி அறுபட்டிருந்தது, அதைக் கட்டினார். அதன் கீழே இதய உறையில் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல நீளக் கிழிசல். அதற்கும் கீழே இதயத்தின் மேலேயே ஒரு சின்னக் காயம், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் காயத்திலிருந்து ரத்தம் வரவில்லை. தையல் தேவையில்லை என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

இந்த முடிவை நான் முக்கியமாக நினைக்கிறேன். இவ்வளவு தூரம் போன ஒருவருக்கு, எதிரே இதயம் துடிக்கிறது, அதில் ஒரு காயம் தெரிகிறது, ஒரு தையல் போட்டால் சரித்திரத்தில் பெயர். அவர் போடலை. நோயாளிக்கு வேண்டியதை மட்டும் செய்தார். உறையை இளஞ்சூடான உப்பு நீரால் கழுவினார். நிமிஷத்துக்கு 130 தடவை துடிக்கிற இதயத்தோடு சேர்ந்து அந்த உறையும் ஆடிக்கொண்டே இருந்தது. கிழிசலின் இரண்டு விளிம்பையும் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தோடு ஆட்டமாகவே நரம்பிழையால் தைத்து மூடினார். சின்ன வயதில் செருப்புத் தைத்த கை. இது என் கற்பனைதான், விட்டுடுங்க.

கார்னிஷ் உடனே எழுந்து உட்காரவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி மறுபடியும் திறந்து 80 அவுன்ஸ், அதாவது இரண்டு லிட்டருக்கு மேல் வெளியேற்றினார்கள். ஆகஸ்ட் 30-இல் வீட்டுக்குப் போனார், 51 நாள். விவேகானந்தர் முதன்முதலில் சிகாகோ போய்ச் சேர்ந்தது அந்த ஜூலைக் கடைசியில். கையில் இருந்த பணம் கரைய, அவர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அதே ஊரில் கார்னிஷ் படுக்கையில் கிடந்தார். போன எபிசோடில் இதைத்தான் நான் சொல்லியிருக்கணும்.

அப்போ 'உலகின் முதல் ஓப்பன் ஹார்ட்' எங்கிருந்து வந்தது? எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பிழை கண்ணில் பட்டதும் திருத்துவதோடு நிறுத்த மாட்டோம், எந்த வெர்ஷனில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுவோம். அப்படித் தேடினால் இந்தப் பிழை ஆரம்பத்திலேயே இருக்கு. அந்த ஜூலை மாதமே சிகாகோ நாளேடு ஒன்று, அவர் இதயத்தைத் தைத்துவிட்டார் என்ற பொருளில் ஆச்சரியக்குறியோடு தலைப்புப் போட்டது. உறையைத் தைத்தார் என்று போட்டால் யார் பேப்பர் வாங்குவார்கள்?

வில்லியம்ஸ் தானே 1897-இல் நியூயார்க் மருத்துவ இதழ் ஒன்றில் இந்த நோயாளியைப் பற்றி எழுதினார். அதன் தலைப்பு ரொம்ப நேர்மையானது. இதயத்திலும் உறையிலும் குத்துக்காயம், உறைக்குத் தையல், நோயாளி தேறினார், மூன்று வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார். இவ்வளவும் தலைப்பிலேயே வரும். தைத்தது எதை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் அவர் கட்டுரையைப் படிக்காத எங்களுக்குத்தான்.

அக்கா சொன்ன அந்த 'முன்னாடி ஒருத்தர்' யார்? எச். சி. டால்டன். செயின்ட் லூயிஸ் நகர மருத்துவமனை. 1891 செப்டம்பர் 6, வில்லியம்ஸுக்கு 22 மாதம் முன்னால், கத்திக்குத்து வாங்கிய ஓர் இளைஞரின் விலா எலும்பை வெட்டி எடுத்து, உறையில் இருந்த இரண்டு அங்குலக் கிழிசலைத் தைத்தார். அவரும் பிழைத்தார். ஆனால் டால்டன் அதைப் பதிப்பித்தது 1895-இல். 1893 கோடையில் சிகாகோவில் இருப்பவர் படிப்பதற்கு அந்தக் கட்டுரையே கிடையாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம். ஒரு கறுப்பின முன்னோடிக்குக் கிடைத்த பெருமையைப் பிடுங்கி ஒரு வெள்ளைக்காரருக்குக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று. ரெண்டு நாள் இந்த ஸ்கிரிப்டைத் தொடாமலே வெச்சிருந்தேன். கடைசியில் தோணினது இதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கதவு கறுப்பின மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் அடைத்தே இருந்ததால், 1895-இல் கறுப்பின மருத்துவர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம்ஸ். 1913-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒரே கறுப்பினத்தவர். 12 படுக்கை வீட்டில், பில்ரோத் போன்றவர்கள் தொடாதே என்று சொன்ன இடத்தைத் தொட்டு, ஆளைப் பிழைக்க வைத்து, செய்ததைச் செய்தபடியே எழுதினார். இவருக்கு நான் ஒரு பொய்யான 'முதல்' கடன் கொடுக்கத் தேவையில்லை. அப்படிக் கொடுத்தால் அவர் எழுதிய தலைப்பையே நான் அழிக்கிறேன்.

இதயத் தசையை வெற்றிகரமாகத் தைத்தது 1896 செப்டம்பர் 9-இல், ஃபிராங்க்ஃபர்ட்டில், லூட்விக் ரேன். நோயாளி 22 வயது தோட்ட வேலைக்காரர், ஒரு பூங்காவில் குத்துப்பட்டவர். ரேன் உறையைத் திறந்ததும் தேங்கிய ரத்தம் பீறிட்டது. வலது கீழறையில் இருந்த காயத்தில், இதயம் தளரும் ஒவ்வொரு கணத்துக்கும் காத்திருந்து, மூன்று பட்டுத் தையல். ஆள் பிழைத்தார். இன்று நாம ஓப்பன் ஹார்ட் என்று சொல்வது, இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு அதன் வேலையை எந்திரத்திடம் கொடுப்பது. அந்த எந்திரத்தை வைத்து முதல் வெற்றி 1953-இல்தான். இடையில் 60 வருஷம்.

ரேன் செய்து காட்டிய பிறகும் எல்லாருக்கும் அது எட்டவில்லை. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1898 செப்டம்பர் 10, ஜெனீவா ஏரிக்கரை. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், 'சிஸி' என்று உலகம் அழைத்தவர், வேறு பெயரில் பயணம் செய்துகொண்டிருந்தார். வயது 60. ஹோட்டலில் இருந்து இறங்கித் தோழியோடு நீராவிக் கப்பலுக்கு நடந்து போகிறார். லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலிய அராஜகவாதி எதிரே ஓடி வந்து மோதினான். பேரரசி கீழே விழுந்தார். எழுந்தார். உடையைத் தட்டிவிட்டு, அவனுக்கு என் கடிகாரம் வேணுமோ என்னவோ என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு, நடந்தே போய்க் கப்பலில் ஏறினார்.

அவன் கையில் இருந்தது கூர் தீட்டிய ஓர் அரம். அது நான்காவது விலா எலும்பை உடைத்து, நுரையீரலையும் இதய உறையையும் துளைத்து, இடது கீழறைக்குள் போயிருந்தது. 85 மில்லிமீட்டர் ஆழம். வெளிக்காயம் மிகச் சின்னது, உடையில் ரத்தமே தெரியலை. உள்ளே, இறுக்கிக் கட்டிய கச்சைக்குக் கீழே, அந்தப் பையில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சில நிமிஷம்தான் அவர் நடந்த தூரம். கப்பல் கிளம்பினதும் சாய்ந்தார். கச்சையை அறுத்துப் பார்த்த பிறகுதான் நெஞ்சில் சின்னக் கறை தெரிந்தது. கப்பலைத் திருப்பி ஹோட்டலுக்குக் கொண்டு வந்தார்கள், குத்துப்பட்டு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கார்னிஷும் முதலில் மேலோட்டமான காயம் என்று தோன்றியவர்தான். ஒருவருக்கு ஒரு ராத்திரி அவகாசம் கிடைத்தது, ஒருவருக்கு அரை மணி.

அந்த அவகாசத்துக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? 1935-இல் கிளாட் பெக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மூன்று அடையாளங்களைச் சேர்த்துச் சொன்னார். ரத்த அழுத்தம் இறங்கும். கழுத்துச் சிரைகள் புடைக்கும், ஏன்னா திரும்பி வருகிற ரத்தத்துக்கு உள்ளே போக வழியில்லை. இதய ஒலி மங்கும், தண்ணிக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. நிக்கல்ஸ் 1760-இல் சடலத்தில் பார்த்ததை, பெக் உயிரோடு இருப்பவரிடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 1965-இல் ஹார்வி ஃபைகன்பாம் அல்ட்ராசவுண்டை நெஞ்சில் வைத்து, உறைக்குள் திரவம் சேர்ந்திருப்பதை வெளியிலிருந்தே காட்டினார். திரவம் ஒலியைத் திருப்பி அனுப்பாது. அதனால் திரையில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும்.

இந்த எபிசோட் தயாரானதும் நர்ஸ் அக்காவுக்கு ஸ்கிரிப்டை அனுப்பினேன். இரண்டு திருத்தம் சொன்னாங்க, செய்துட்டேன். கூடவே ஒரு விஷயம் எழுதியிருந்தாங்க. பைபாஸ் மாதிரி அறுவை முடிந்ததும், பல நேரம் உறையை முழுசாகத் தைத்து மூடுவதில்லை, கொஞ்சம் திறந்தே விடுவாங்க, டியூபும் போட்டு வைப்பாங்க. உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியேற வழி இருக்கணும். "ராத்திரி டியூட்டியில் நாங்க அந்த டியூபில் எவ்வளவு வந்ததுன்னு மணிக்கு மணி எழுதுவோம். நிறைய வந்தா பயம். திடீர்னு நின்னுட்டா அதைவிடப் பயம். வர வேண்டியது எங்கே போகுதுன்னு யோசிக்கணும்."

பழைய எபிசோடின் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே திருத்தம் சேர்த்திருக்கேன். 1893 ஜூலை 10, சிகாகோ, டேனியல் ஹேல் வில்லியம்ஸ், இதய உறைக்குத் தையல், நோயாளி தேறினார்.